ஸ்பைடர்மேன் ஆறுமுகத்துக்கு எத்தனையாவது இடம்?

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் தெலுக் பங்லிமா காராங்கைக் கடப்பவர்களின் கண்ணில் இன்று முதலில் படுவன தொழிற்சாலைகள். தொழிற்பேட்டையின் வேலிகள், கொள்கலன் லாரிகள், இடையிடையே தாமான் வீடுகள். ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்த வட்டாரத்துக்கு வேறு முகம் இருந்தது. ரப்பரும் தென்னையும், பிறகு செம்பனையும் நின்ற தோட்டங்கள் கடற்கரை வரைக்கும், ஆற்றைத் தாண்டிக் கேரித்தீவு வரைக்கும் பரந்திருந்தன. தோட்டம் என்றால் லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை. அவற்றோடு ஒரு திடல். பால் மரம் வெட்டி முடித்துப் பகல் சாய்ந்தபின் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றுகூடிய இடம் அந்தத் திடல்தான். இரு முனையிலும் இரண்டு கம்பு நட்டால் போதும், காற்பந்து தொடங்கிவிடும்.

அந்தத் திடல்களில் ஆடி வளர்ந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். ஒட்டுக்கடையில் இரண்டு பேர் உட்கார்ந்தாலும் பேச்சு எப்படியோ சிலாங்கூர் குழுவுக்கு வந்து நிற்கும். சிலாங்கூர் கண்ட ஆட்டக்காரர்களில் தலைசிறந்த பதினொருவர் யார்? பத்து இடங்களுக்கு வாக்குவாதம் நடக்கும். வலது பக்கம் யார், நடுத்திடலில் யார், கோல் போடும் மொக்தார் டஹாரிக்குத் துணையாக முன்னே யார் என்று குரல் உயரும். கோல்காவலர் இடத்துக்கு மட்டும் பெரும்பாலும் சண்டை இல்லை. ஆறுமுகம் என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

அடுத்த கேள்வியில்தான் வினோதம் நடக்கிறது. பதினொருவரிலும் மிகப் பெரியவர் யார், முதல் மூவர் யார் என்று கேட்டால், சற்றுமுன் ஒருமனதாகத் தேர்ந்த அதே பெயர் காணாமல் போய்விடுகிறது. கோல் போட்டவர்கள் முன்னே வருகிறார்கள், தலைவராக இருந்தவர்கள் வருகிறார்கள். கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் ஓரமாக ஒதுங்கிவிடுகிறார். இந்த ஒதுக்கல் நியாயம்தானா என்பதை வரலாற்றை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆர். ஆறுமுகம் 1953 ஜனவரி 31 அன்று கிள்ளான் துறைமுகத்தில் பிறந்தவர். அப்போது அந்த ஊருக்குப் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1901-இல் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகத்திலும், அதற்கு ரப்பரைக் கொண்டுவந்து சேர்த்த ரயில் பாதையிலும், பாதையின் இரு பக்கத் தோட்டங்களிலும் உழைத்தவர்களில் தமிழர் பெருந்தொகையினர். அவர் பிறப்பதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பு, 1941-இல், இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சம்பள உயர்வோடு, கள்ளுக்கடையை மூட வேண்டும், துரை எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பவையும் அந்தத் தொழிலாளர்களின் கோரிக்கைகள். அப்படிப்பட்ட மண்ணில், பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பிறந்த ஒரு தமிழ்ப் பையன் நாட்டின் கோல் கம்பத்துக்குக் காவலாக நின்றதையும், மெர்டேக்கா அரங்கில் மலாய், சீன, இந்திய ரசிகர்கள் ஒரே குரலில் அவன் பெயரைக் கூவியதையும் சாதாரண விளையாட்டுச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

கைகள் நீளமானவை. எட்டாது என்று எல்லாரும் நினைக்கும் மூலைக்கு அந்தக் கைகள் போய்ச் சேரும். அதனால் பத்திரிகைகளும் ரசிகர்களும் வைத்த பெயர் ஸ்பைடர்மேன். 1970-களின் தொடக்கத்தில் தேசியக் குழுவுக்கு வந்தவர், 1980-களின் நடுப்பகுதி வரை அந்த இடத்தில் இருந்தார். நாட்டுக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 196 என்று மலேசியாவில் சொல்வார்கள். கிளப் குழுக்களோடும் தேர்வுக் குழுக்களோடும் மோதிய ஆட்டங்களையும் சேர்த்து எண்ணுவது அந்தக் காலத்து வழக்கம் என்பதை நினைவில் வைத்தால்கூட, அது சிறிய எண் ஆகிவிடாது.

ஆனால் கேள்வி சிலாங்கூரைப் பற்றியது. அந்தக் குழுவில் இடம் பிடிப்பதன் அருமை அதன் கிண்ணக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். 1921-இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் பெயரால் மலாயாக் கிண்ணம் தொடங்கியது. கோலாலம்பூரில் நடந்த முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்று சிலாங்கூரை வென்றது. மறு ஆண்டே சிலாங்கூர் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 1967-இல் அது மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியது. 2015-இல் கெடாவை வென்றபோது சிலாங்கூரின் கணக்கு 33 கிண்ணங்கள். வேறெந்த மாநிலமும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, சிங்கப்பூர் ஒன்றைத் தவிர.

33-இல் 11 கிண்ணங்கள் 1971 முதல் 1986 வரையான 16 ஆண்டுகளில் வந்தவை. சிவப்பும் மஞ்சளும் அணிந்த குழுவின் பொற்காலம் அதுதான். 1974 பிப்ரவரி 1 அன்று கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகி சிலாங்கூரிலிருந்து பிரிந்தது. மாநிலம் தன் தலைநகரத்தை இழந்தது, ஆனால் குழு மெர்டேக்கா அரங்கை விடவில்லை. கிள்ளானிலிருந்தும் பந்திங்கிலிருந்தும் ரசிகர்கள் லாரியிலும் பேருந்திலும் ஏறி, இப்போது வேறு பிரதேசமாகிவிட்ட நகரத்துக்குப் போய்த் தங்கள் மாநிலத்துக்காகக் கத்திவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பினார்கள்.

மிகச் சிறந்தவர் பட்டியலுக்குப் போட்டியிடுகிறவர்களில் காலத்தால் மூத்தவர் அப்துல் கனி மின்ஹாட். ராஜா போலா, அதாவது பந்தின் அரசன், என்று அழைக்கப்பட்டவர். 1950-களின் நடுவிலிருந்து 1960-களின் இறுதி வரை சிலாங்கூரின் முகம் அவர்தான். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மலாயா வெண்கலம் வென்றபோதும் முன்னணியில் இருந்தார். அவரைப் பார்த்தவர்கள் இன்று மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள் என்பதால் அவர் பக்கம் வாதாட ஆள் குறைவு. அது அவருடைய குறை அல்ல.

மொக்தார் டஹாரியைப் பற்றி வாதாடத் தேவையே இல்லை. 142 அனைத்துலக ஆட்டங்களில் 89 கோல்கள். சிலாங்கூரோடு 10 மலேசியக் கிண்ணங்கள். 1975-இல் மெர்டேக்கா அரங்கில் ஆர்சனலுக்கு எதிராகப் போட்ட 2 கோல்கள். 1978-இல் இங்கிலாந்து 'பி' குழுவுக்கு எதிராக, தன் பாதித் திடலிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடிப் போட்ட கோல். சூப்பர்மொக் என்ற பட்டம் அவருக்குச் சும்மா கிடைக்கவில்லை. முதல் நாற்காலி அவருடையது என்பதில் இக்கட்டுரைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அடுத்தவர் சோ சின் ஆன். மலாக்காவில் பிறந்து சிலாங்கூரின் தற்காப்பைக் கட்டியவர். 'தவுக்கே' என்பது ரசிகர்கள் வைத்த பெயர். திடலின் பின்பகுதி முழுவதும் அவர் நிர்வாகத்தில் இருந்தது என்பதால் பொருத்தமான பெயர்தான். உலகக் காற்பந்துச் சம்மேளனம் ஏற்றுக்கொண்ட கணக்கிலேயே 195 ஆட்டங்கள். அவருக்குப் பக்கத்தில் சந்தோக் சிங், யாருக்கும் வழிவிடாத சீக்கியத் தற்காப்பு ஆட்டக்காரர். இந்த இருவருக்கும் பின்னே ஆறுமுகம். ஒரு சீனர், ஒரு சீக்கியர், ஒரு தமிழர், முன்னே ஒரு மலாய்க்காரர். இனங்களின் ஒற்றுமை பற்றி எத்தனையோ மேடைகளில் பேசப்பட்டிருக்கிறது. அந்த நாட்களில் சனிக்கிழமை இரவு மெர்டேக்கா அரங்குக்குப் போனவர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

இப்படிப்பட்ட வாக்குவாதம் சிலாங்கூர் ரசிகர்களுக்கு மட்டும் உரியது இல்லை. அமெரிக்கக் கூடைப்பந்தில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் ரசிகர்கள் ஷகீல் ஓ'நீலை வைத்து இதே சண்டையைப் போடுகிறார்கள். அவர் கூடைக்கு அடியில் நிற்கும் மைய ஆட்டக்காரர், மலை போன்ற உடம்பு. 1996 முதல் 2004 வரை 8 பருவங்கள்தான் அங்கே ஆடினார். ஆனால் 2000, 2001, 2002 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து வெற்றிப் பட்டம், மூன்று இறுதித் தொடர்களிலும் சிறந்த ஆட்டக்காரர் விருது. அவரை மேஜிக் ஜான்சனுக்கும் கரீம் அப்துல் ஜப்பாருக்கும் பக்கத்தில் வைப்பதா, 20 பருவங்களும் அதே குழுவுக்கே ஆடிய கோபி பிரையண்டுக்குக் கீழே வைப்பதா? உச்சத்தின் உயரத்தை அளப்பதா, உழைத்த ஆண்டுகளை எண்ணுவதா? அங்கே வாதம் இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிறது.

ஆறுமுகத்தின் வழக்கு இன்னும் கடினமானது. ஓ'நீல் போட்ட புள்ளி, பிடித்த பந்து, தடுத்த எறி எல்லாவற்றுக்கும் கணக்குண்டு. 1970-களின் மலேசியப் பத்திரிகையில் கோல் போட்டவரின் பெயரும் நிமிடமும் அச்சாகும். கோல் ஆகாமல் போன பந்துக்குப் பெயரும் இல்லை, நிமிடமும் இல்லை. மொக்தாரின் 89 ஒவ்வொரு ஆண்டும் புதிய ரசிகர்களுக்குச் சொல்லப்படுகிறது. ஆறுமுகம் தடுத்தவை எத்தனை என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. எண் இல்லாத இடத்தில் நினைவுதான் சாட்சி, நினைவோ ஆளோடு போய்விடுகிறது.

இது உலகம் முழுக்கக் கோல்காவலர்களின் தலையெழுத்து. ஐரோப்பாவின் தங்கப் பந்து விருது 1956-இலிருந்து வழங்கப்படுகிறது. அதை வாங்கிய ஒரே கோல்காவலர் சோவியத் நாட்டின் லெவ் யாஷின், 1963-இல். அதற்குமுன்னும் பின்னும் ஒருவரும் இல்லை. அப்படியானால் அறுபது ஆண்டுக்கு மேலாக உலகில் ஒரு கோல்காவலர்கூட ஓராண்டாவது எல்லாரையும்விடச் சிறப்பாக ஆடவில்லையா? ஆடியிருக்கிறார்கள். பார்க்கும் கண்ணுக்குத்தான் பழக்கம் இல்லை.

எண்ணே இல்லை என்று முழுதாக விட்டுவிடவும் வேண்டாம். 1975-க்கும் 1981-க்கும் இடையில் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூரும் சிங்கப்பூரும் 6 முறை மோதின. 1965-இல் தனி நாடாகிவிட்ட பிறகும் சிங்கப்பூர் இந்தக் கிண்ணத்தில் ஆடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மோதல்களின் சூடு, இன்று கேட்டாலும் பெரியவர்களின் முகத்தில் தெரியும். முடிவுகள் இவை: 1975-இல் 1-0, 1976-இல் 3-0, 1978-இல் 4-2, 1979-இல் 2-0, 1981-இல் 4-0 என்று சிலாங்கூருக்கு வெற்றி. 1980-இல் மட்டும் 2-1 என்று சிங்கப்பூர் வென்றது. வெற்றி கோலைப் போட்டவர் 17 வயது ஃபாண்டி அகமது.

இந்த ஆறு ஆட்டங்களிலும் சிலாங்கூர் போட்டது 15 கோல். வாங்கியது 4. ஆறில் நான்கு ஆட்டங்களில் சிங்கப்பூரால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. 15-ஐப் பற்றி ஊரே பேசுகிறது, 4-ஐப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த நான்கின் பெருமையில் சின் ஆனுக்கும் சந்தோக்குக்கும் மற்றத் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கும் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அரண் தன் நம்பிக்கையை எங்கிருந்து பெற்றது என்பதையும் கேட்க வேண்டும். பின்னால் நிற்பவர் பிடித்துவிடுவார் என்று தெரிந்தால்தான் தற்காப்பு ஆட்டக்காரர் துணிந்து முன்னே போவார். தோட்டத் திடலில் ஆடியவர்களுக்கும் இது தெரியும். கோலில் நிற்பவன் சரியில்லை என்றால் பத்துப் பேரும் பின்னால் வந்து குவிந்துகொள்வார்கள்.

தேசியக் குழுவிலும் இதே கதைதான். 1974-இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம். அதே ஆண்டும் 1976-இலும் மெர்டேக்கா கிண்ணம். 1977-இலும் 1979-இலும் தென்கிழக்காசிய விளையாட்டில் தங்கம். ஆறுமுகம் நாட்டுக்கு ஆடிய காலத்தின் கணக்கு இது. பிறகு 1980 ஏப்ரல்.

மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று கோலாலம்பூரில் நடந்தது. இறுதியில் எதிரே தென் கொரியா. மெர்டேக்கா அரங்கில் இடம் இல்லை, வெளியில் வானொலிப் பெட்டிகளைச் சுற்றி நாடே உட்கார்ந்திருந்தது. சாபாவிலிருந்து வந்த ஹசான் சானி பந்தைக் கொண்டுவர, அதே சாபாவின் ஜேம்ஸ் வோங் வெற்றி கோலைப் போட்டார். 2-1. கம்பங்களுக்கு நடுவே ஆறுமுகம். ஆனால் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் போய் ஆடியது. 27 வயதில், ஒரு கோல்காவலருக்கு மிக நல்ல பருவத்தில், உலக மேடை அவர் கைக்கெட்டியும் நழுவிப் போனது. அதற்கு எட்டு ஆண்டு முன்னால், எம். சந்திரன் தலைமையில் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசியக் குழு அமெரிக்காவை 3-0 என்று வென்றிருந்தது. மாஸ்கோவில் என்ன நடந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆறுமுகத்தின் பெயர் நாட்டுக்கு வெளியே தெரியாமல் போனதற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

2016-இல் வந்த 'ஓலா போலா' திரைப்படம் அந்த 1980 குழுவின் நினைவில் எடுக்கப்பட்டது. சியூ கெங் குவான் இயக்கியது. அதில் வரும் முத்துக்குமார் என்ற கோல்காவலர் பாத்திரத்துக்கு ஆறுமுகமே மூலம். தென்னந்தோப்பில் உழைக்கும் குடும்பத்துப் பையனாக முத்து காட்டப்படுகிறான். படத்தைப் பார்த்த இளையவர்கள் பலர் அதன்பிறகுதான் ஆறுமுகம் என்ற பெயரைத் தேடிப் படித்தார்கள். ஒரு சமூகம் தன் பிள்ளையைத் திரைப்படத்தின் வழியாகத்தான் நினைவுகொள்ள வேண்டியிருந்தது என்பது வருத்தத்துக்கு உரியது. ஆனாலும் படம் செய்தது நல்ல காரியம்.

ஆறுமுகத்துக்கு எதிராக வைக்கக்கூடிய நேர்மையான வாதங்களும் உண்டு. அவற்றில் வலுவானது சோ சீ கியோங்கின் பெயர். ஆறுமுகத்துக்கு முன்னால் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காத்தவர். 1960-களின் பிற்பகுதியில் ஆசியாவின் சிறந்த கோல்காவலர் என்ற பெயரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பெற்றவர். திறமையை மட்டும் எடைபோட்டால் அவரைச் சிலர் மேலே வைப்பார்கள், அதில் தவறில்லை. ஆனால் அவர் ஹாங்காங் சென்றுவிட்டார். நல்ல ஆண்டுகளில் பல அங்கேதான் கழிந்தன. கேள்வி ஆசியாவைப் பற்றியது என்றால் வேறு பதில் வரலாம். சிலாங்கூர்ப் பட்டியலிலோ, இங்கேயே இருந்து ஆடியவருக்கே எடை அதிகம்.

காலத்தைக் காரணம் காட்டுபவர்களும் உண்டு. 1992 வரை, தன் ஆட்டக்காரர் காலால் பின்னுக்குத் தள்ளும் பந்தைக் கோல்காவலர் கையால் எடுக்கலாம். இன்றைய கோல்காவலரைப்போல் காலாலும் ஆட்டத்தைக் கட்ட வேண்டிய தேவை அப்போது இல்லை. உண்மைதான். ஆனால் அன்றைய ஆட்டக்காரர்களுக்கு முழுநேரத் தொழிலாகக் காற்பந்து இல்லை. மலேசியாவில் அரைத்தொழில்முறை லீக் தொடங்கியதே 1989-இல். அதுவரை பகலில் வேலை, மாலையில் பயிற்சி. மழை பெய்தால் சேறாகும் திடல், நனைந்தால் கனக்கும் பந்து. எந்தக் காலத்தவரையும் அவர் காலத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். கனி மின்ஹாட்டுக்கும் மொக்தாருக்கும் அந்தச் சலுகையைக் கொடுப்பவர்கள் ஆறுமுகத்துக்கும் கொடுக்கட்டும்.

ஆக, சிலாங்கூரின் எல்லாக் காலப் பட்டியலில் மொக்தாருக்கு அடுத்த இடம் ஆறுமுகத்துக்கே. சோ சின் ஆனை மூன்றாவதாக வைப்பது எளிதான காரியமில்லை. 195 ஆட்டம் ஆடியவரைக் கீழே இறக்கக் கை நடுங்கும். ஆனால் சின் ஆன் தவறினால் சந்தோக் இருந்தார், சந்தோக்கும் தவறினால் ஆறுமுகம் இருந்தார். ஆறுமுகம் தவறினால் பின்னால் வலை மட்டுமே இருந்தது. அந்த இடத்தில் பத்தாண்டுக்கு மேல் நின்று, சிங்கப்பூரையும் கொரியாவையும் எதிர்கொண்டு, கிண்ணங்களோடு வந்தவர். தன் இடத்தில் தனியாக நின்ற பொறுப்புக்கு இரண்டாம் இடம் அதிகம் இல்லை.

1988 டிசம்பர் 18 அன்று சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தார். வயது 35. மூன்று ஆண்டுக்குள், 1991 ஜூலை 11 அன்று, நரம்பு நோயால் மொக்தாரும் போனார். அவருக்கு 37. பழைய ஆட்டத்தைப் பற்றி முதுமையில் உட்கார்ந்து பேசும் வாய்ப்பு இருவருக்குமே கிடைக்கவில்லை. மொக்தாரைப் பற்றி ஆவணப்படம் வந்தது, நூல்கள் வந்தன, ஆண்டுதோறும் நினைவுக் கட்டுரைகள் வருகின்றன. அவ்வளவும் அவருக்குத் தகும். ஆறுமுகத்தைப் பற்றித் தமிழில் ஒரு முழு நூல் வந்தாக வேண்டும்.

அதற்கு நேரம் குறைவு. 1924-இல் தொடங்கி அந்த ஆட்டங்களையெல்லாம் தமிழில் அச்சிட்ட தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன, திடல்கள் பல காணவில்லை. எனவே தெலுக் பங்லிமா காராங்கிலும் பந்திங்கிலும் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்சிலும் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆறுமுகம் தடுத்த ஒரு பந்தாவது உங்கள் கண்ணில் இன்னும் நிற்கிறதென்றால், எந்த ஆண்டு, எந்த ஆட்டம், யார் அடித்தது, எந்தப் பக்கம் பாய்ந்தார் என்பதைப் பேரப்பிள்ளையின் கைப்பேசியில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வீட்டுப் பெட்டியில் பழைய பத்திரிகைத் துணுக்கு இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.